முஸ் கிராமத்து வாத்தியார்

போர்ட் பிளேயரிலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் கடலில் போனால் கார் நிக்கோபார் என்ற தீவு வரும். (போர்ட் பிளேயருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது.) மலை இல்லை, பெரிய ஆறு இல்லை. பவழப் பாறையின் மேல் தட்டையாகக் கிடக்கும் நிலம். எங்கு பார்த்தாலும் தென்னை. அந்தத் தீவின் வட கோடியில் இருப்பது முஸ் என்னும் சிறு கிராமம்.

அந்தக் கிராமத்தில் 1884-ம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. ஹாச்செவ்கா என்று பெயரிட்டார்கள். அந்தக் குழந்தையின் பெற்றோர்களுக்கோ, பாட்டன் பூட்டன்மார்களுக்கோ எழுத்து என்பதே தெரியாது. அவர்கள் பேசிய மொழிக்கு எழுத்தே கிடையாது. அந்தக் குழந்தைதான் பின்னாளில் பள்ளி ஆசிரியராகவும், மாஜிஸ்திரேட்டாகவும், பார்லிமெண்ட் மெம்பராகவும், பிஷப்பாகவும் உயர்ந்த ஜான் ரிச்சர்ட்சன்.

இத்தனை பதவிகள் வகித்தவரின் வாழ்க்கைக்கு அடித்தளம் ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர் சென்னை மாகாணத்திலிருந்து பிழைக்கப் போன ஒரு தமிழர். அவர் பெயர் வேதப்பன் சாலமோன்.

தேங்காய்க் கணக்கு

சாலமோன் போய் இறங்கிய காலத்தில் கார் நிக்கோபார் எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அவர் செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

கால்கள் நட்டு அதன் மேல் கட்டிய வீடுகள். தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்தது போன்ற உருண்டைக் கூரை. ஏணி போட்டு ஏறித்தான் உள்ளே போகவேண்டும். நெல் விளையாது. தாழை இனத்துப் பெரிய பழத்தை வேகவைத்து மாவாக்கி உண்பார்கள். பன்றி வளர்ப்பார்கள், மீன் பிடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தேங்காய்.

தேங்காய்தான் அங்கே காசு. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்களில் வியாபாரிகள் வருவார்கள். கத்திக்கு இத்தனை தேங்காய், துணிக்கு இத்தனை தேங்காய் என்று விலை பேசுவார்கள். நிக்கோபார்காரர்கள் தேங்காயை ஜோடி ஜோடியாக எண்ணி இருபது இருபதாகச் சேர்ப்பார்கள். எண்ணுவதில் கெட்டிக்காரர்கள். வியாபாரிகளோடு பழகிப் பழகிப் பர்மியம், மலாய், ஹிந்துஸ்தானி, ஆங்கிலம் என்று பல மொழிகளில் பேசிச் சமாளிக்கவும் தெரிந்தவர்கள். ஆனால் வியாபாரியின் நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஒருவருக்கும் தெரியாது. கணக்கு எழுதுகிறவன் ஒரு பக்கம், கணக்கு தெரியாதவன் மறுபக்கம் என்றால் நஷ்டம் யாருக்கு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கைநாட்டு வைத்து மோசம் போன கதைகள் நம் ஊர்களிலும் உண்டு.

பெயர்கள்கூட அவர்களுடையதாக இல்லை. வந்து போகும் கப்பல்காரர்கள் விளையாட்டாக வைத்த ஆங்கிலப் பெயர்களையே பலர் பெருமையோடு சுமந்தார்கள். கிராமத் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். அந்தப் பட்டம் இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் நிக்கோபார் தீவுகளில் இருந்தது. ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரை உச்சரிக்கக் கூடாது. அந்தப் பெயர் ஒரு சாதாரணச் சொல்லாகவும் இருந்துவிட்டால் அந்தச் சொல்லையே கைவிட்டு வேறு சொல் தேடிக்கொள்வார்கள். ஆகவே மனிதர் மறைந்தால் சொல்லும் மறைந்தது. எழுத்தும் இல்லாத இடத்தில் முன்னோர்களைப் பற்றிய நினைவு எப்படி நிற்கும்?

உத்தியோகம் ஒன்று, வேலை பல

நிக்கோபார் தீவுகளில் மதப் பிரசாரம் செய்ய முயன்றவர்கள் அதற்கு முன்பும் உண்டு. 1768-ல் மொரேவியச் சபையார் நான்கௌரித் தீவுக்கு வந்தார்கள். சுமார் இருபது ஆண்டுகள் போராடினார்கள். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மாண்டு, 1787-ல் மிஞ்சியவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு 1869-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தீவுகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டது.

1895-ம் ஆண்டு வாக்கில் சாலமோன் சர்க்கார் ஏஜெண்டாக முஸ் கிராமத்தில் குடியேறினார். அவர் ஆங்கிலிக்கன் மிஷனில் உபதேசியாராகப் பணியாற்றியவர். ஏஜெண்டு என்றால் பெரிய அதிகாரி என்று எண்ணிவிட வேண்டாம். வரும் கப்பல்களைப் பதிவு செய்யவேண்டும். மழையையும் காற்றையும் அளந்து குறிக்கவேண்டும். தீவில் நடப்பதை நாட்குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பவேண்டும். அந்த நாட்குறிப்புகளின் ஒரு பகுதி 1902-ல் லண்டனில் மானிடவியல் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. திருவிழாக்கள், பேயோட்டும் சடங்குகள், பேய் பிடித்தவர் என்று சந்தேகித்து மனிதர்களையே கொன்ற சம்பவங்கள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. அந்தக் காலத்து நிக்கோபாரைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் தேடிப் படிக்கிற ஆவணம் அது.

இந்த வேலைகளை ஒழுங்காகச் செய்தாலே சம்பளம் வரும். ஆனால் சாலமோன் பள்ளிக்கூடமும் நடத்தினார். முஸ் கிராமத்துப் பையன்களைக் கூட்டி உட்காரவைத்து எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார்.

எளிதில் நடக்கிற காரியமா அது? படிப்பினால் என்ன லாபம் என்று அந்தத் தீவில் யாரும் கண்டதில்லை. தென்னை ஏறவும், படகு செலுத்தவும், மீன் குத்தவும் தெரிந்த பையனை நாள் முழுவதும் ஓர் இடத்தில் உட்காரவைக்க வேண்டும். வாத்தியாரின் தாய்மொழி வேறு, மாணவனின் தாய்மொழி வேறு. சுற்றிலும் கடல், உறவினர் முகம் பார்க்கக் கப்பலுக்குக் காத்திருக்கவேண்டும். காய்ச்சலோ ஓயாது. இத்தனைக்கும் நடுவே ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அவர் அந்தத் தீவை விடவில்லை. 1909-ல் காலமானார்.

பெரிய படிப்பாளி என்றோ, பெரும் பதவி வகித்தவர் என்றோ அவரைச் சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் படித்த பையன்களில் ஒருவன் ஹாச்செவ்கா. ஒரு வாத்தியாரின் பெயரை நிலைக்கவைக்க அப்படிப்பட்ட ஒரு மாணவன் போதும்.

மாண்டலேயிலிருந்து திரும்பியவர்

ஹாச்செவ்காவின் கெட்டிக்காரத்தனத்தைக் கண்ட சாலமோன், மேற்படிப்புக்கு அவனைப் பர்மாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். மாண்டலேயில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தான். ஞானஸ்நானம் பெற்று ஜான் ரிச்சர்ட்சன் ஆனான்.

அக்காலத்துப் பர்மாவை நம் பெரியவர்கள் அறிவார்கள். ரங்கூனுக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தஞ்சாவூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் போன காலம். நாலு எழுத்து ஆங்கிலம் படித்தவனுக்கு ஆபீசில் குமாஸ்தா வேலை நிச்சயம். மாண்டலேயில் படித்த வாலிபருக்கு அங்கேயே ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். மாதம் பிறந்தால் சம்பளம், மாலையில் நகரத்து வேடிக்கை என்று வாழ்க்கை நடந்திருக்கும்.

ரிச்சர்ட்சன் 1912-ல் ஊருக்குத் திரும்பினார். சாலமோன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தமக்கு எழுத்தறிவித்தவர் நின்ற இடத்தில் ஆசிரியராக நின்றார்.

திரும்பி வந்தபோது அவருக்கு வயது 28. அதற்குப் பின் ஊருக்கு உழைத்த காலம் அறுபது ஆண்டுகளுக்கு மேல்.

எழுத்து இல்லாத மொழி

சாலமோனுக்கு இருந்த ஒரு தடை ரிச்சர்ட்சனுக்கு இல்லை. மாணவர்களின் மொழிதான் அவருக்கும் தாய்மொழி. ஆனால் அந்த மொழியில் படிக்கப் புத்தகம் ஒன்றும் கிடையாது.

கார் நிக்கோபார் மொழி தமிழ், ஹிந்தி முதலிய இந்திய மொழிகளோடு உறவுடையது அல்ல. பர்மாவின் மோன் மொழி, கம்போடியாவின் கெமர் மொழி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. அதில் வரும் பல ஓசைகளுக்கு ஆங்கில எழுத்துக்கள் போதாது. எழுத்துக்களின் மேல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, இந்த ஓசைக்கு இந்த எழுத்து என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலப் பாதிரியார் இந்த வேலையில் இறங்கியபோது ரிச்சர்ட்சன் அவருக்குத் துணை நின்றார். ஒயிட்ஹெட் தொகுத்த கார் நிக்கோபார் மொழி அகராதி 1925-ல் ரங்கூனில் அச்சாயிற்று.

அகராதி அறிஞர்களுக்கு உதவும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு? அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அரிச்சுவடி. அதை ரிச்சர்ட்சன் தயாரித்தார். வீட்டில் அம்மா பேசுகிற சொல்லே புத்தகத்திலும் இருந்தது. தன் வாயில் வருகிற சொல்லைத் தாளில் எழுத முடியும், எழுதியதை அடுத்தவன் படிக்க முடியும் என்று முதன்முதலாகக் காண்கிற பிள்ளையின் வியப்பை நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த வியப்பு கிடையாது. நமக்கு எழுத்து பிறந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கார் நிக்கோபாரில் அது அன்றுதான் நடந்தது.

இறந்தவர் பெயரோடு சொற்களும் மறைந்துபோன இடத்தில், சொல் இப்போது தாளில் நின்றது. தேங்காய் வியாபாரியின் நோட்டில் எழுதியிருப்பதைப் படிக்கும் ஆளும் ஊருக்குள்ளேயே உண்டானான்.

ரிச்சர்ட்சன் விவிலியத்தையும் நிக்கோபார் மொழியில் பெயர்த்தார். புதிய ஏற்பாடு 1950-ல் வெளிவந்தது. மொழிபெயர்ப்பு என்பது மதப்பணி மட்டும் அன்று. ஒட்டகத்தையும் கோதுமையையும் திராட்சையையும் கண்டறியாத ஜனங்களுக்கு அவற்றைச் சொந்த மொழியில் விளங்கச் சொல்வது வாத்தியார் வேலைதான்.

பந்தும் பாடம்தான்

ரிச்சர்ட்சனின் வகுப்பு நான்கு சுவர்களுக்குள் முடியவில்லை. தீவில் கால்பந்து ஆட்டத்தை அறிமுகப்படுத்தியவர் அவர்தான் என்பார்கள். கால்பந்து நிக்கோபார் இளைஞர்களின் உயிராகிவிட்டது. அந்தமான் நிக்கோபார் கால்பந்தில் நிக்கோபார் ஆட்டக்காரர்களுக்குத் தனி மரியாதை உண்டு என்பது போர்ட் பிளேயர் மைதானத்தில் ஆட்டம் பார்த்த தமிழர்களுக்குத் தெரியும்.

படகோட்டத்தில் பழகிய உடம்பு கொண்ட பையன்களைப் பள்ளிக்கூடத்தில் கட்டிவைக்கப் பார்த்தால் ஓடிப்போவார்கள். மைதானத்தையும் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டால் அவர்களே தேடி வருவார்கள். இது பிள்ளைகளின் மனம் அறிந்த ஆசிரியர் செய்யும் காரியம்.

அவரிடம் படித்தவர்கள் மற்றக் கிராமங்களில் ஆசிரியர்களாகவும் உபதேசிமார்களாகவும் ஆனார்கள். சர்க்கார் அவருக்கு கௌரவ மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்தது. வழக்கு வம்பு என்றால் ஜனங்கள் வாத்தியாரிடம் வந்தார்கள். பேய் பிடித்தவர் என்று மனிதரைக் கொல்லும் கொடுமை மறைந்துபோனது. ஆனால் நல்ல பழக்கங்களுக்குக் கேடு வரவில்லை. தூஹேத் எனப்படும் கூட்டுக்குடும்பம், படகுப் போட்டி, பன்றித் திருவிழா ஆகியவை தொடர்ந்து நடந்தன. படித்த பிள்ளை பெற்றவர்களைப் பார்த்து வெட்கப்படும்படியான படிப்பாக அது இருக்கவில்லை.

1930-களில் அவர் குருப்பட்டம் பெற்றார். அதன் பிறகும் ஊராருக்கு அவர் வாத்தியார்தான்.

யுத்த காலம்

1942 மார்ச் 23-ல் ஜப்பானியர் போர்ட் பிளேயரைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் கார் நிக்கோபாரிலும் இறங்கினார்கள். தென்னைகளை வெட்டிச் சாய்த்து விமானத் தளம் போட்டார்கள். தீவு ஜனங்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். கடலில் கப்பல் நடமாட்டம் நின்றது. துணி இல்லை, மருந்து இல்லை. ராணுவத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே நின்று இருபுறத்துக்கும் பதில் சொல்லவேண்டிய நிலைமை ரிச்சர்ட்சனுக்கு.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஜப்பானியருக்குச் சந்தேகம் முற்றியது. நேச நாட்டு விமானங்களுக்கு யாரோ சைகை காட்டுகிறார்கள் என்று எண்ணினார்கள். 1945 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தீவு ஜனங்களைப் பிடித்து அடித்துச் சித்திரவதை செய்தார்கள். பலரை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மேல்தான் ஒற்றன் என்ற சந்தேகம் முதலில் விழும். அன்று அந்தத் தீவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் யார்? ரிச்சர்ட்சனின் மாணவர்கள்.

பெற்ற மகனையும் அந்தக் கொடுமைக்குப் பலி கொடுத்தார். கொல்லப்பட வேண்டியவர்களில் அவர் பெயரும் இருந்தது. அதற்குள் ஆகஸ்டு 15-ல் ஜப்பான் சரணடைந்தது, உயிர் தப்பினார். கார் நிக்கோபார் கொலைகளுக்காக ஜப்பானிய ராணுவத்தினர் மீது 1946-ல் சிங்கப்பூரில் விசாரணை நடந்தது.

அப்போது ரிச்சர்ட்சனுக்கு வயது 61. மகன் இல்லை. வளர்த்த மாணவர்களில் பலர் இல்லை. ஊர் சிதைந்து கிடந்தது. அந்த வயதில் அப்படிப்பட்ட அடி விழுந்தால் எவரும் மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தாலும் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் மறுபடியும் வேலையைத் தொடங்கினார். யுத்தத்துக்கு முன்பு கிறிஸ்தவத்தில் சேராமல் தள்ளி நின்றவர்களும் யுத்தத்துக்குப் பின் பெருந்திரளாகச் சேர்ந்தார்கள். துன்ப காலத்தில் ஓடிப்போகாமல் தங்களோடு நின்ற மனிதரை ஜனங்கள் கண்டுவிட்டார்கள்.

டில்லிக்குப் போன வாத்தியார்

1950-ல் ரிச்சர்ட்சன் கல்கத்தா பிஷப்பின் உதவி பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். 1952-ல் சுதந்திர இந்தியாவின் முதல் லோக்சபை கூடியது. அந்தமான் நிக்கோபாருக்கு அப்போது தேர்தல் இல்லை; ஜனாதிபதியின் நியமனம்தான். அந்த இடத்துக்கு ரிச்சர்ட்சன் நியமிக்கப்பட்டார். ஏணி வைத்து ஏறும் குடிசையில் பிறந்தவர், எழுத்தில்லாத மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர், நாட்டின் சட்டங்கள் பிறக்கும் சபையில் போய் உட்கார்ந்தார். 1957 வரை அங்கம் வகித்தார்.

தீவு ஜனங்களின் நிலத்தையும் வாழ்க்கையையும் வெளியாரிடமிருந்து காக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் 1956-ல் வந்தது. கார் நிக்கோபாருக்கு வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் போகமுடியாது என்பது அதனால்தான். நிக்கோபார்வாசிகள் தங்கள் மண்ணில் தாங்களே உரிமையாளர்களாக வாழ்வதற்கு அந்தச் சட்டம் ஓர் அரண்.

1965-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மபூஷண் விருதுகள் அவருக்குக் கிடைத்தன. 1966-ல் அந்தமான் நிக்கோபாருக்கென்று தனி மறைமாவட்டம் உண்டானபோது அதன் முதல் பிஷப் அவரே. 1977-ல் ஓய்வு பெற்று, 1978 ஜூன் மாதம், தொண்ணூறைத் தாண்டிய வயதில் காலமானார். கார் நிக்கோபாரில் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அலைக்கும் அழியாதது

2004 டிசம்பர் 26-ம் தேதி காலையில் சுனாமி வந்தது. தட்டையான தீவாகையால் கார் நிக்கோபார் பட்ட அடி மிகப் பெரிது. கடலோரக் கிராமங்கள் வீடு வாசலோடு போய்விட்டன. ஏராளமான மக்கள் மடிந்தார்கள். பிழைத்தவர்கள் கரையை விட்டு உள்ளே தள்ளிக் குடியேறினார்கள்.

அப்படிக் குடியேறியவர்கள் மறுபடி ஊரைக் கட்டினார்கள். நிவாரணக் கணக்கைப் படித்துப் பார்க்கவும், குறை இருந்தால் மனு எழுதவும், அதிகாரிகளோடு பேசவும் அவர்களுக்குள்ளேயே ஆட்கள் இருந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் தேங்காய் வியாபாரியின் நோட்டைப் பார்த்து விழித்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கட்டிடத்தைக் கடல் கொண்டுபோகும். படித்த படிப்பைக் கொண்டுபோகாது.

இவ்வளவுக்கும் வித்து எது? கப்பல் கணக்கு எழுதவும் மழை அளக்கவும் போன ஒரு தமிழர், அந்த வேலையோடு நிறுத்திக்கொள்ளாமல் நாலு பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருக்கு அங்கே நிலமில்லை, உறவில்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்தான். ஆனாலும் போன இடத்துப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக நினைத்தார். தம் மாணவன் பார்லிமெண்டுக்குப் போவான், பத்மபூஷண் பெறுவான் என்பதை அறியாமலே அவர் கண்ணை மூடினார்.

வாத்தியார் வேலையின் பலன் பெரும்பாலும் அப்படித்தான். விதைத்தவர் அறுவடையைப் பார்ப்பதில்லை. அது தெரிந்தும் தினமும் மணி அடித்ததும் உற்சாகத்தோடு வகுப்புக்குள் நுழைகிறவரே ஆசிரியர். சாலமோன் அப்படி நுழைந்தார். அதைப் பார்த்து வளர்ந்த ரிச்சர்ட்சனும் அப்படியே நுழைந்தார். ஒரு தீவு எழுத்தறிவு பெற்றது.